‘பாரம்பரியம்’ என்று போட்டுவிடலாமா?

1964 ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஒரு சிறிய இசைத்தட்டு வெளியானது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் இருந்தன. கூடவே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: பாட்டு மரபு வழி வந்தது, இசைக்கோர்ப்பு பிரைஸ். பாட்டு ‘தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’. குழு ‘தி அனிமல்ஸ்’. கிதார் பழகத் தொடங்கும் எவரும் முதல் சில மாதங்களுக்குள் தொட்டுப் பார்க்கும் பாட்டு அது. எனக்கு அந்தப் பாட்டைவிட அந்தப் பொடி எழுத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பறையையும் கிதாரையும் சேர்த்துத் தங்கள் முதல் பாட்டை வெளியிடத் துடிக்கும் நம் தோழர்கள் ஒவ்வொருவரும் என்றாவது ஒரு நாள் அந்தப் பொடி எழுத்தின் முன்னால் வந்து நிற்கத்தான் போகிறார்கள்.

முதலில் அந்தக் குழுவைப் பற்றி. வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரம், கப்பல் கட்டும் ஊர், நிலக்கரி ஊர். பாடியவர் எரிக் பர்டன். ஆர்கன் வாசித்தவர் ஆலன் பிரைஸ். கிதார் ஹில்டன் வாலன்டைன், பேஸ் கிதார் சாஸ் சாண்ட்லர், டிரம்ஸ் ஜான் ஸ்டீல். சாண்ட்லர் கப்பல் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டுகளைத் தட்டுத் தட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். சக் பெர்ரியோடு சேர்ந்து ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தபோது, மற்ற எல்லோரும் வேகமான பாட்டுகளைப் பாட, இவர்கள் இந்த மெதுவான, இருண்ட பாட்டைக் கையில் எடுத்தார்கள். கூட்டம் கட்டுண்டது. 1964 மே 18 அன்று, பயணத்துக்கு நடுவில், லண்டனில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து ஒரே மூச்சில் பாடி முடித்தார்கள். ஏறக்குறைய நான்கரை நிமிடம் ஓடும் பாட்டு. வானொலிக்காரர்கள் மூன்று நிமிடத்தைத் தாண்டினாலே முகம் சுளித்த காலம் அது. அமெரிக்காவில் அதை வெட்டிச் சுருக்கித்தான் தட்டாக விட்டார்கள். ஆனாலும் ஜூலையில் பிரிட்டனில் முதலிடம், செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம். ‘ஃபோக் ராக்’ என்ற சொல் பத்திரிகைகளில் புழங்கத் தொடங்கியதே அதற்கு அடுத்த வருடம்தான். அந்த வகையின் முதல் பெரிய வெற்றி இதுதான் என்று இன்று பலரும் சொல்கிறார்கள்.

இனி அந்தப் பொடி எழுத்து. ஒரு பாட்டிலிருந்து வரும் பணம் இரண்டு வாய்க்கால்களில் ஓடும். ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கான பணம். பாடியவர், வாசித்தவர், நிறுவனம் எல்லோரும் அதில் பங்காளிகள். மற்றொன்று, பாட்டை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் போகும் பணம். வானொலியில் ஒலித்தால் வரும், வேறொருவர் அதே பாட்டைப் பாடினாலும் வரும். நீண்ட காலம் வற்றாமல் ஓடுவது இந்த இரண்டாவது வாய்க்கால்தான். பாட்டு ‘மரபு வழி’ என்று எழுதிவிட்டால் எழுதியவர் என்று யாரும் இல்லை. அப்போது ‘இசைக்கோர்ப்பு’ என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் பக்கம் வாய்க்கால் திரும்பிவிடும். இத்தனையும் அந்தச் சின்னக் குறிப்புக்குள் அடக்கம்.

ஐந்து பேரும் சேர்ந்துதான் அந்தப் பாட்டைச் செதுக்கினார்கள். தொடக்கத்தில் வரும் வாலன்டைனின் கிதார் இழைதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பாட்டின் அடையாளம். அச்சானது ஒரே பெயர். ஐந்து பெயர் போடத் தாளில் இடமில்லை, அதனால் ஒருவர் பெயரை மட்டும் போட்டார்கள் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகக் குழுவினர் பிற்காலத்தில் சொன்னார்கள். அந்தப் பணத்தில் தங்களுக்குப் பங்கு வரவில்லை என்ற மனக்குறை பல பத்தாண்டுகளுக்கு அவர்களை விடவில்லை. 1965லேயே பிரைஸ் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

‘இடமில்லை’ என்ற இந்தக் காரணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேருக்குள் நடந்த இந்த அநியாயத்தை மேற்கத்திய இசைப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. என்னை அதைவிட உறுத்துவது குறிப்பின் முதல் சொல், ‘மரபு’. கேட்டால் மழை மாதிரி வானத்திலிருந்து விழுந்த பாட்டு என்று தோன்றும். விழவில்லை. 1937 செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோ என்ற நிலக்கரி ஊரில் ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் இந்தப் பாட்டைப் பாடினாள். சுரங்கத் தொழிலாளியின் மகள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப் பாடல்களைச் சேகரித்துக்கொண்டிருந்த ஆலன் லோமாக்ஸ் தன் பதிவுக் கருவியோடு வந்திருந்தார். அவருக்கும் அப்போது 22 வயதுதான். அவள் பாடியது ஒரு பெண்ணின் பாட்டு. நியூ ஆர்லியன்சில் ஒரு வீட்டில் சிக்கிச் சீரழிந்த ஏழைப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். 1941இல் லோமாக்ஸ் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் இந்தப் பாட்டு வந்தது, ஜார்ஜியா டர்னரின் பெயரோடு. நியாயமாகப் பார்த்தால் அந்தப் புத்தகம் அவள் பெயரைத் தொலைக்கவில்லை. அங்கிருந்து கிளம்பி மேடை மேடையாக, தட்டுத் தட்டாக நகர்ந்தபோதுதான் பெயர் வழியில் உதிர்ந்தது.

1964இல் இசைத்தட்டாக வந்தபோது அந்தப் பெண் ஆணாகிவிட்டாள். ‘ஏழைப் பெண்’ இருந்த இடத்தில் ‘ஏழைப் பையன்’. வானொலிக்கு ஏற்ற மாற்றம் என்று சொல்லலாம், பாடுபவர் ஆண் என்பதால் என்றும் சொல்லலாம். நடந்தது என்னவோ, தன் கதையைச் சொன்ன பெண் தன் பாட்டுக்குள்ளேயே இல்லாமல் போனாள். ஜார்ஜியா டர்னர் 1969இல் நுரையீரல் நோயில் இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இந்தப் பாட்டின் தடத்தைத் தேடி ஊர் ஊராக அலைந்து புத்தகம் எழுதிய டெட் ஆன்டனி என்ற பத்திரிகையாளர், பாட்டிலிருந்து அவர் கைக்கு வந்த பணம் நூற்றுச் சொச்சம் டாலர்தான் என்று பதிந்திருக்கிறார்.

‘அப்படியானால் ஜார்ஜியா டர்னர்தான் இதை எழுதினாரா?’ என்று கேட்பீர்கள். இல்லை. அவர் பாடுவதற்கு நான்கு வருடம் முன்பே கிளாரன்ஸ் ஆஷ்லி என்பவர் இதைத் தட்டில் பதிந்திருக்கிறார். தாத்தாவிடம் கற்றதாகச் சொன்னார். கறுப்பினக் கலைஞர்களான ஜோஷ் வைட், லெட் பெல்லி ஆகியோரும் தங்கள் பாணியில் பாடியிருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் இதற்குப் புதிய சுரக்கோவை ஒன்றை அமைத்துப் பாடிக்கொண்டிருந்தார். பாப் டிலன் அதை அப்படியே எடுத்துத் தன் முதல் ஆல்பத்தில் 1962இல் வெளியிட்டுவிட்டார். ‘நான் பதியலாமா’ என்று டிலன் அனுமதி கேட்டபோது பதிவே முடிந்திருந்தது என்பது வான் ராங்க் சொன்ன கதை. அதன் பிறகு வான் ராங்க் பாடினால், டிலன் பாட்டைத் திருடிவிட்டார் என்றார்களாம். அனிமல்ஸ் தட்டு வந்ததும் டிலன் பாடினால், அனிமல்ஸ் பாட்டைத் திருடிவிட்டார் என்றார்களாம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் திருட்டுப் பட்டம் ஆள் மாறி ஆள் மாறிப் போன அந்த வரிசையில் கென்டக்கிப் பெண்ணின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பாட்டுக்குப் பல பேர் உரிமையாளர்கள் என்பது உண்மை. அதிலிருந்து ‘எனவே யாரும் உரிமையாளர் இல்லை’ என்ற முடிவுக்குத் தாவுவதும், அடுத்த வரியிலேயே ‘யாரும் இல்லாததால் நான்தான்’ என்று கையெழுத்துப் போடுவதும் வேறு விவகாரம். நிலத்தில் இந்த வித்தையை நாம் பார்த்திருக்கிறோம். புறம்போக்கு என்று எழுதினார்கள், பிறகு யாரோ ஒருவர் பட்டா வாங்கினார். அங்கே காலங்காலமாக உழுதவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நம்முடைய ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற சொல்லுக்குள்ளும் இந்தப் புறம்போக்குக் கணக்கு இருக்கிறது. தெம்மாங்கு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, கும்மி, மரணகானா எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டி ‘நாட்டுப்புறம்’ என்று சீட்டு ஒட்டினால் சாதி தெரியாமல் போய்விடும். நடவு வயலில் குனிந்திருந்தவர் யார், சாவு வீட்டில் கூலிக்கு மாரடித்தவர் யார், பிணத்துக்கு முன்னால் பறையடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டவர் யார் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாட்டு ஊரைவிட்டுக் கிளம்பி நகரத்து மேடைக்கு வரும்போது மட்டும் மறந்துவிடும். பறையடிக்க மாட்டோம் என்று சேரி இளைஞர்கள் மறுத்தபோது ஊர் விலக்கம் வந்தது, அடி விழுந்தது. அதே பறை மேடையேறியதும் ‘தமிழர் பாரம்பரியக் கலை’ ஆனது. இழிவைச் சுமக்கும்போது அது ஒரு சாதியின் சொத்து, பெருமை வரும்போது எல்லோருக்கும் பொது. இதைத் தமிழர் ஒற்றுமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சட்டமும் இதற்குத் துணை போனது. 1957இல் இயற்றப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் ‘இசை ஆக்கம்’ என்பதற்குக் கொடுத்த விளக்கத்தைத் தேடிப் படியுங்கள். அச்சிடப்பட்டோ, எழுதப்பட்டோ, வேறு வகையில் குறியீடாக வரையப்பட்டோ இருந்தால்தான் அது இசை ஆக்கம். சுரக்குறிப்பு எழுதத் தெரிந்தவருக்கு மட்டுமே மெட்டு சொந்தம் என்று பொருள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாமல் வைத்திருந்த மக்களின் மெட்டுகள், சட்டத்தின் கண்ணில் மெட்டே இல்லை. 1994இல் கொண்டுவந்த திருத்தம்தான் அந்த நிபந்தனையை எடுத்தது. இசையமைத்தவர் அதை எந்தக் குறியீட்டிலும் எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. சுதந்திர இந்தியாவில் 37 வருடம் வாய்ப்பாட்டுக்காரருக்கு இந்தக் கதவு மூடிக் கிடந்தது. தமிழ்ச் சினிமாவில் கிராமத்துப் பாட்டுகள் வெள்ளமாகப் பாய்ந்ததும் இதே காலத்தில்தான். திரையில் முகம் காட்ட வாய்ப்புக் கிடைத்த கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா போன்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. மெட்டை மட்டும் கொடுத்துவிட்டு ஊரிலேயே இருந்துவிட்டவர்களின் பெயர்கள் தெரியவில்லை.

இப்போது இதெல்லாம் மாறிவிட்டது, இணைய காலம் என்பார்கள். 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்வோம். அந்தப் பாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் நம்மில் குறைவு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழர்களை, அவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டது. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நியூகாசில் பையன்களின் தட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. தலைமுறைகளாகத் தேயிலை வளர்த்தவர்கள் கையில் நிலம் இல்லாமல் கப்பலேறிய அந்தக் கதைதான் பேரனின் வாய் வழியாகப் பாட்டாகி உலகம் சுற்றியது.

அடுத்து நடந்தவை பொதுவெளியில் பதிவானவை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், விவாதம் வெடித்தது, பிறகு இதழ் அறிவை முன்வைத்து இணைய அட்டை ஒன்றை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் இந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு அங்கே இல்லை. அதன்பிறகு அவர், பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தான்தான் என்று பொதுவில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் சொன்னார்கள். மூவரின் கூட்டு உழைப்பு என்றார்கள், உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றார்கள், அறிவின் பங்கை எங்கும் மறைத்ததில்லை என்றார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணன், இத்தனை கோடிப் பேர் கேட்ட பாட்டிலிருந்து அதுவரை தங்களுக்குப் பணமே வந்து சேரவில்லை என்றார்.

மூவருக்குள் யார் சொல்வது சரி என்று தீர்ப்பெழுத நான் உட்காரவில்லை. என் கேள்வி வேறு. 1964இல் வட்டத் தாளில் இடமில்லை என்றார்கள். தாள் நிஜமாகவே உள்ளங்கை அகலம்தான், ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். இன்றைக்கு என்ன இடப் பஞ்சம்? இணையத்தில் பாட்டை ஏற்றும் படிவத்தில் பாடகர், பாடலாசிரியர், மெட்டமைத்தவர், தயாரித்தவர், ஒவ்வொரு கருவியும் வாசித்தவர் என்று எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். இருந்தும் அட்டைப்படம், மேடை, விருது, நேர்காணல் என்று கூட்டம் கூடும் ஒவ்வொரு இடத்திலும் விடுபடும் பெயர் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்துதான் விடுபடுகிறது. அதைத் தற்செயல் என்று சொல்ல வருபவர்கள், தற்செயல் ஏன் ஒரு முறையாவது மறுபக்கம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறிய பிறகு, கானாவும் பறையும் ராக்கும் சேர்ந்த குழுக்கள் சின்னச் சின்ன ஊர்களிலும் முளைத்திருக்கின்றன. அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட குழு கொடுத்த துணிச்சல் அது. எனக்குத் தெரிந்த ஒரு குழு விழுப்புரம் பக்கம் இருக்கிறது. எல்லோரும் நம் தோழர்கள், எல்லோருக்கும் அம்பேத்கர் படிப்பு உண்டு. அவர்கள் முதல் பாட்டின் பல்லவி ஒரு நடவுப் பாட்டு. டிரம்ஸ் வாசிக்கும் தம்பியின் அத்தை பாடியதை அலைபேசியில் பதிந்து, அதைச் சுற்றி கிதாரும் சட்டியும் கட்டியிருந்தார்கள். நன்றாகவே வந்திருந்தது. படிவம் நிரப்ப உட்கார்ந்தபோது ‘இயற்றியவர்’ என்ற கட்டம் வந்தது. “நாட்டுப்புறப் பாட்டுதானே தோழர், பாரம்பரியம்னு போட்டுடலாம்” என்றார் ஒருவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அடுத்த கட்டத்தில், இசைக்கோர்ப்பு என்ற இடத்தில், குழுவின் பெயர் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது.

நான் அனிமல்ஸ் கதையைச் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன் போல, பாதியில் டீ குடிக்கப் போய்விட்டார்கள். தம்பி மட்டும் அத்தைக்கு அலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டான்.

“அத்தே, அந்தப் பாட்டு யாரு கட்டுனது?”

“எங்க ஆயா பாடும்டா. ஆனா நீ புடிச்சிக்கினு போனதுல நடுவுல நாலு வரி வருதே, கங்காணிய வையிறது, அது நான் போட்டது. பெரிய வீட்டு நடவுல போட்டேன். அதுக்கு அன்னிக்கு அரை நாள் கூலிய புடிச்சிக்கினாங்க. ஏன், எம்பேரு கிம்பேரு வருமா அதுல?”

டீ குடித்துவிட்டு வந்தவர்களுக்கு அதை மறுபடி ஒரு முறை போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகும் விவாதம் உடனே முடியவில்லை. ‘ஆயாவுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், அப்படியே போனால் எங்கே நிறுத்துவது?’ என்றார் கிதார் வாசிப்பவர். நியாயமான கேள்வி. நமக்குப் பெயர் தெரிந்த இடம்வரை போவோம், தெரியாத இடத்தில் ஊரின் பெயரைப் போடுவோம், நம் பெயரை மட்டும் அங்கே ஒட்டாமல் இருப்போம் என்றேன். ஒலிப்பதிவுச் செலவுக்குக் கடன் வாங்கியிருக்கிறோம், ஆறாவது பங்கு எப்படிக் கொடுப்பது என்று இன்னொருவர் கேட்டார். அதுவும் நியாயமான கவலைதான். செலவைக் கழித்த பிறகு பங்கு என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் செலவுக் கணக்கை அத்தையும் பார்க்கும்படி எழுதிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. இரண்டு வாரம் தள்ளிப்போனது வெளியீடு.

சட்டத்தைத் தெரிந்துகொள்வது பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். உரிமையை ஒருவர் மற்றவருக்கு மாற்றிக் கொடுத்தால் அது எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே யாராவது ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று நீட்டும் தாளில் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். உரிமையை விற்றுவிட்டாலும், இதை ஆக்கியவர் நான் என்று சொல்லும் உரிமை ஆக்கியவரிடமே இருக்கும். இது 57ஆவது பிரிவு. 2012இல் வந்த திருத்தம் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும்கூடத் தன் பெயரால் அடையாளம் காணப்படும் உரிமையைக் கொடுத்தது, 38பி பிரிவு. பறையடித்தவர் பெயர் விடுபட்டால் அது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, சட்டப்படி கேட்கக்கூடிய விஷயம் என்று இதற்குப் பொருள். பாடலாசிரியரும் மெட்டமைத்தவரும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்தால்தான் இரண்டாவது வாய்க்கால் நம் பக்கம் திறக்கும். நம் குழுக்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறீர்கள்? மேடையில் ஜெய்பீம் சொல்கிற வேகத்தில் பாதியை இந்தக் காகித வேலைக்குக் கொடுக்கலாம். காகிதம் நமக்கு எதிராக எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று தெரிந்தவர்கள்தானே நாம்.

விழுப்புரம் குழுவுக்கு இன்னும் சில வேலைகள் மிச்சமிருக்கின்றன. ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் வாங்கி வந்திருந்தார்கள், அதைத் தமிழில் எழுதி அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அவருக்கு பான் அட்டை இல்லை, விண்ணப்பித்திருக்கிறது. ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரியும் பெயர் இருக்கிறது, எதைப் படிவத்தில் போடுவது என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆயாவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். ஆயாவை ஊரில் எல்லோரும் ‘நொண்டிக் கிழவி’ என்றே கூப்பிட்டார்களாம். சொந்தப் பெயரைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊருக்குப் போகிறார்கள்.